பொறுப்பக்காவும் பச்சைத் தாளும்

பிறந்தவர்களுக்கும் இறந்தவர்களுக்கும் சான்றிதழ் கொடுக்கிற நகராட்சிப் பிரிவில் அந்தப் பெண்மணி பத்தொன்பது வருஷமாக வேலை பார்த்துவந்தார். கடைசி ஆறு வருஷமாக அந்தப் பிரிவுக்கு அவர்தான் தலைமை. ஆனால் தலைமை என்று யாரும் உத்தரவு போடவில்லை. பழைய கண்காணிப்பாளர் ஓய்வு பெற்ற அன்று, "புது ஆள் வர்ற வரைக்கும் கொஞ்சம் பொறுப்பா பாத்துக்கோங்கம்மா" என்று சாவிக்கொத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். புது ஆள் வரவேயில்லை. கையெழுத்துக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் 'பொறுப்பு' என்று எழுதி எழுதி அவருக்கே பொறுப்பக்கா என்று பேர் நிலைத்துவிட்டது.

அந்த ஆறு வருஷத்தில் அக்கா ஒரு காரியம் செய்திருந்தார். முன்பெல்லாம் ஒரு பிறப்புச் சான்றிதழ் வாங்க ஏழு படிவம், நாலு மேசை, இருபத்தொரு நாள். அக்கா ஒவ்வொரு படிவமாக எடுத்துக்கொண்டுபோய், "இது எதுக்கு சார்?" என்று கேட்டார். பதில் கிடைக்காத படிவங்களை அலமாரியில் வைத்துப் பூட்டினார். கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. காலையில் வந்தவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குச் சான்றிதழோடு வீடு போய்ச் சேர்ந்தார்கள். இப்படியொரு முறைகேடு நடப்பது மேலிடத்துக்குத் தெரியவேயில்லை, ஏனென்றால் யாரும் புகார் கொடுக்கவில்லை.

அப்போதுதான் அந்த உத்தரவு வந்தது. வருகிற ஆண்டின் முதல் தேதியிலிருந்து, பொது நிர்வாகவியலில் முதுகலைப் பட்டம் பெற்றவர் மட்டுமே சான்றிதழில் கையெழுத்துப் போடலாம். அப்படி ஒருவர் இல்லாத கவுன்ட்டர் இழுத்து மூடப்படும். பொதுமக்கள் தலைமை அலுவலகத்துக்குப் போய்க்கொள்ளலாம். தலைமை அலுவலகம் பஸ்ஸில் மூன்று மணி நேரம். அங்கே ஏழு படிவமும் குத்துக்கல் மாதிரி அப்படியே இருந்தன.

அக்கா பதறவில்லை. இரண்டு வருஷமாக மாலை வகுப்பில் சேர்ந்து அதே படிப்பைத்தான் படித்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு தாளும் பாஸ். அவருடைய வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். சாயங்காலம் மனைவி வகுப்புக்குப் போய்விட, மகளுக்குச் சமைத்துப் போட்டதெல்லாம் அவர்தான்.

"படிச்சு முடிச்சாச்சு. இனிமே போய் வாங்கிட்டு வரவேண்டியதுதானே?" என்றார் அவர்.

"ஆமாங்க. நாளைக்கு அரை நாள் லீவு போட்டா முடிஞ்சிடும்" என்றார் அக்கா. பத்தொன்பது வருஷம் அரசு அலுவலகத்தில் இருந்தவர் இப்படிச் சொன்னார் என்றால் யார்தான் நம்புவார்கள்!

பல்கலைக்கழகத்தில் பொது நிர்வாகத் துறை இரண்டாவது மாடியில் இருந்தது. துறை எழுத்தர் நல்ல மனுஷர். அக்காவைப் பார்த்ததும் நாற்காலி காட்டி உட்காரச் சொல்லிவிட்டு, பாய் அளவுக்கு இருந்த ஒரு பச்சைத் தாளை மேசைமேல் விரித்தார்.

"இதாம்மா பட்டத்துக்கான தேவைகள். படிப்பெல்லாம் இதுல சேராது. அது தனி."

"படிப்பு சேராதா?"

"படிப்பு ஆரம்பத் தகுதிம்மா. இதுக்கப்புறம்தான் தேவைகள். முந்நூறு மணி நேரம் களப்பயிற்சி, ஒரு ஆய்வேடு, அப்புறம் ஏழு கையெழுத்து. கையெழுத்தை வரிசையாத்தான் வாங்கணும். ஒவ்வொண்ணும் இருபத்தொரு நாளைக்குத்தான் செல்லும். ஏழாவது வாங்கறதுக்குள்ள முதலாவது காலாவதி ஆச்சுன்னா மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

அக்கா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "களப்பயிற்சின்னா அரசு அலுவலகத்துல வேலை செய்யறதுதானே சார்? நான் பத்தொன்பது வருஷமா..."

"சம்பளம் வாங்கினீங்களா?"

"வாங்காம?"

"அப்ப அது வேலை. பயிற்சின்னா சம்பளம் இல்லாம செய்யணும்" என்றார் எழுத்தர். அவர் முகத்தில் கேலியே இல்லை.

எந்த அலுவலகத்தில் பயிற்சி என்பதைத் துறையே அறிவியல் முறைப்படி ஒதுக்கும். வீட்டுக்குப் பக்கம், பாடத்துக்குப் பொருத்தம், முன்னனுபவம் எல்லாம் கணக்கில் எடுத்து இரண்டு வாரம் ஆராய்ந்தார்கள். ஒதுக்கீடு வந்தது. நகராட்சி அலுவலகம், பிறப்பு இறப்புப் பிரிவு.

ஆக, அக்கா தன் வேலைக்கு அரை நாள் சம்பளமில்லாத விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, அதே நாற்காலியில், அதே பேனாவோடு, காலை நேரத்தில் பயிற்சி மாணவியாக உட்கார்ந்தார். மத்தியானத்துக்கு மேல் பிரிவின் பொறுப்பாளராக மாறி, காலையில் வந்த மாணவி எப்படி என்று மேற்பார்வை அறிக்கை எழுதினார். முதல் மாதம் 'சிறப்பு' என்று எழுதி அனுப்பினார். அறிக்கை திரும்பி வந்தது. மாணவியிடம் குறைகளே இல்லையென்றால் மேற்பார்வை சரியில்லை என்று பொருளாம்.

"என்னங்க எழுதறது? என் மேல நானே குறை சொல்லணுமாம்."

"என்கிட்ட குடு, நான் எழுதித் தர்றேன்" என்றார் லிஃப்ட் மெக்கானிக். "இருபது வருஷமா காத்துக்கிட்டிருக்கேன்."

மகள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். கடைசியில் அக்கா, 'மாணவி பொதுமக்களிடம் தேவைக்கு மேல் பேசுகிறார், மேற்பார்வையாளர் சொல்வதைச் சில சமயம் காதில் வாங்குவதில்லை' என்று எழுதினார். உடனே ஏற்றுக்கொள்ளப்பட்டது. கூடவே மேற்பார்வையாளருக்கு ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. மாணவிக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இரண்டும் ஒரே உறையில் வந்தன.

அடுத்தது ஆய்வேடு. வழிகாட்டியாக ஒரு பேராசிரியரைப் போட்டார்கள். பொதுமக்கள் குறைதீர்ப்பு அவருடைய சிறப்புத் துறை. புதன்கிழமை பதினொன்றிலிருந்து பதினொன்று இருபது வரை பார்க்கலாம் என்று கதவில் எழுதி, கதவைச் சாத்தி வைத்திருப்பார். நாலாவது புதன்கிழமை கதவு திறந்தது. அக்கா தன் கவுன்ட்டரில் ஏழு படிவம் எப்படி ஒன்றானது என்று எண்பது பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தார். பேராசிரியர் நிதானமாகப் புரட்டினார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல பிரச்சினை எங்கம்மா?"

"பிரச்சினை இல்லை சார். சரியாயிடுச்சு."

"அதைத்தான் கேக்கறேன். ஆய்வுன்னா ஒரு பிரச்சினை வேணும். நீங்க அதைத் தீர்த்துட்டு வந்து நிக்கறீங்க. நான் எதை வழிகாட்டறது?" உண்மையிலேயே அவருக்கு வருத்தம். "இப்படிச் செய்யுங்க. ஒரு மூணு மாசத்துக்கு அந்த ஏழு படிவத்தையும் திரும்பக் கொண்டாங்க. வரிசை நல்லா நீளட்டும். அதை அளந்து, அட்டவணை போட்டு, பரிந்துரைன்னு ஒரு அத்தியாயம் எழுதிடுங்க. அருமையான ஆய்வு. நானே முன்னுரை எழுதறேன்."

"மூணு மாசம் ஜனங்களை நிக்க வைக்கணுமா சார்?"

"மாதிரிக்குத்தாம்மா. அவங்களுக்கும் பழக்கம்தானே."

அக்காவுக்குச் சுருக்கென்றது. போன வாரம்தான் ஒருவர் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கவுன்ட்டர் எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சான்றிதழைக் கையில் கொடுத்ததும், "அவ்வளவுதானா? இவ்வளவுதானா?" என்று நாலு தரம் கேட்டுவிட்டுத்தான் எழுந்தார். அவரை இருபத்தொரு நாள் நிறுத்தி வைத்து அட்டவணை போட வேண்டுமாம். இத்தனை நாளும் ஆமாம் சார், சரி சார் என்று தலையாட்டி வந்த அக்கா அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தலையாட்டவில்லை.

"அது மட்டும் என்னால முடியாது சார். வேற பிரச்சினை எடுத்துக்கறேன்."

"வேற என்ன இருக்கு?"

"இந்தத் துறையிலேயே நிறைய இருக்கு சார்" என்றார் அக்கா. மணி பதினொன்று இருபது ஆகிவிட்டதால் பேராசிரியர் அதைக் கேட்டும் கேளாதவராகத் தலைப்பு மாற்றத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அப்படித்தான் அக்கா அந்தத் துறையின் பதிவேட்டைத் திறக்க நேர்ந்தது. எழுத்தரே எடுத்துக் கொடுத்தார். நடுநடுவே அக்கா கையெழுத்துக்கும் அலைந்துகொண்டிருந்தார். நூலகர் போட்டார். விளையாட்டுத் துறைக்காரர், பந்து எதுவும் பாக்கியில்லை என்று போட்டார். மாணவியர் விடுதிக் காப்பாளர் அம்மையார்தான் பிடித்துக்கொண்டார்.

"நீங்க விடுதியில தங்கலைன்னு நான் எப்படிம்மா எழுதிக் குடுக்க முடியும்? தங்கினவங்களை எனக்குத் தெரியும். தங்காதவங்களை நான் பார்த்ததேயில்லையே."

"அப்ப என்னதான் செய்யட்டும்?"

"ஒரு மூணு நாள் தங்கிட்டுக் காலி பண்ணுங்க. காலி பண்ணிட்டாங்கன்னு போட்டுடறேன்."

அறை காலியாக மூன்று வாரம் காத்திருந்து, அக்கா பெட்டி படுக்கையோடு போய் மூன்று நாள் தங்கினார். மகள் வயசுப் பெண்கள் அவரை ஆன்ட்டி என்று கூப்பிட்டு, குளியலறை வரிசையில் முன்னால் விட்டார்கள். நாலாம் நாள் கையெழுத்து கிடைத்தது. அதற்குள் நூலகர் போட்டது காலாவதியாகிவிட்டது.

இரண்டாம் சுற்றிலும் அதே கதை. மூன்றாம் சுற்று நடக்கும்போதுதான் பதிவேட்டில் கடைசிப் பக்கம் வந்தது. அக்கா விரலை வைத்து ஒவ்வொரு வருஷமாக மேலே போனார். சேர்ந்தவர்கள், படித்தவர்கள், பாஸானவர்கள் எல்லோரும் இருந்தார்கள். பட்டம் பெற்றவர் என்ற கட்டம் மட்டும் காலி. பதினோரு வருஷமாகக் காலி.

"என்ன சார் இது, ஒருத்தர்கூட வாங்கலையா?"

எழுத்தர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பச்சைத் தாள் வந்ததுக்கப்புறம் யாரும் வாங்கலைம்மா. கடைசியா வாங்கினவர் நம்ம துறைத் தலைவர்தான். வாங்கின மறு வருஷம் அவர்தான் பச்சைத் தாளைக் கொண்டுவந்தார்."

"மத்த பேராசிரியருங்க?"

"அவங்க வரலாறு, பொருளாதாரம், தாவரவியல்னு வேற வேற துறையிலேர்ந்து வந்தவங்க. அதுக்கு முன்னாடி இந்தப் பட்டம் வாங்கினவங்க எல்லாம் வயசான காலத்துல படிச்ச ஆபீசருங்க, ரிட்டயர் ஆயாச்சு."

அக்கா நேராகத் துறைத் தலைவர் அறைக்குப் போனார். ஆள் வெள்ளைச் சட்டை, தங்க பிரேம் கண்ணாடி, பார்க்கவே மரியாதை தோன்றும். கோபமே படாமல் பேசினார். அதுதான் அக்காவுக்கு அதிகக் கோபத்தைக் கிளப்பியது.

"பட்டம்ங்கறது பஸ் டிக்கெட் இல்லம்மா, ஏறினவங்களுக்கெல்லாம் கிழிச்சுக் குடுக்க. பதினோரு வருஷமா எங்க தரத்துல ஒரு நூல் இறங்கலை. வேற எந்தத் துறையாவது இப்படிச் சொல்லிக்க முடியுமா? போன வருஷம் தரக் குழு வந்தப்ப அசந்து போயிட்டாங்க. பட்டம் குடுக்கறதுல ஒரு தப்புகூட நடக்கலைன்னு எழுதிட்டுப் போயிருக்காங்க."

"குடுத்தாத்தானே சார் தப்பு நடக்கும்?"

"அதேதான்!" என்று மேசையைத் தட்டினார் தலைவர். "நீங்க புரிஞ்சுக்கிட்டீங்க. உங்களை மாதிரி மாணவிங்க நிறைய வரணும்."

"சார், முதல் தேதிக்குள்ள எனக்குப் பட்டம் கிடைக்கலைன்னா எங்க கவுன்ட்டரை மூடிடுவாங்க. செத்தவங்க வீட்டுக்காரங்ககூட மூணு மணி நேரம் பஸ்ஸுல போகணும்."

"பாருங்க, எவ்வளவு நல்ல ஆய்வுத் தலைப்பு அது" என்றார் அவர். "மூடட்டும். அப்புறம் அதனால வர்ற பாதிப்பை ஆராயலாம்."

அக்கா எழுந்துகொண்டார். வாசல்வரை வந்தவருக்குக் கண்ணீர் முட்டியது. அவமானத்தில் வந்த கண்ணீர் இல்லை, ஆத்திரம். அன்றைக்கு வீட்டில் சாப்பிடவே பிடிக்கவில்லை. மகள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "விட்டுடும்மா. அந்தப் பட்டமும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றாள்.

"எனக்கு வேணும்டி. ரெண்டு வருஷம் படிச்சிருக்கேன். கறுப்பு அங்கி போட்டு போட்டோ எடுக்கணும்னு எனக்கும் ஆசை இருக்காதா?" என்றார் அக்கா.

வீட்டுக்காரர் தட்டை மகள் பக்கம் திரும்ப நகர்த்தினார். பிறகு, "லிஃப்ட்ல ஒரு பட்டன் வேலை செய்யலைன்னா ஜனங்க அதையே போட்டு அமுத்திக்கிட்டு நிப்பாங்க. நான் போனா அந்தப் பட்டனைத் தொடவே மாட்டேன். மேல போய் மோட்டாரைப் பார்ப்பேன்" என்றார்.

மறுநாள் அக்கா நகராட்சி ஆணையருக்கு ஒரு குறிப்பு எழுதினார். கெஞ்சவில்லை, விலக்குக் கேட்கவில்லை. அலுவலக நடையில் நாலே வரி. அரசு உத்தரவுப்படி பிரிவில் தகுதியுள்ளவர் ஒருவர் அமர்த்தப்பட வேண்டும். பல்கலைக்கழகப் பதிவேட்டின்படி அந்தத் தகுதியோடு பணியில் இருப்பவர் இன்றைய தேதியில் ஒரே ஒருவர். அன்னார் பொது நிர்வாகத் துறைத் தலைவர். அன்னாரை அயற்பணியில் இப்பிரிவுக்கு வரவழைக்க ஆணை வேண்டப்படுகிறது.

ஆணையர் விதிக்குக் கட்டுப்பட்டவர். விதி என்ன சொல்கிறது என்று யாராவது எழுதிக் கொடுத்தால் அதன் கீழே கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு எந்தக் கெட்ட பழக்கமும் அவருக்கு இல்லை. குறிப்பு மேலே போனது. அரசாங்கத்திலும் அதைத் தப்பு என்று சொல்ல யாருக்கும் இடம் இல்லை. முதல் தேதி காலை பத்து மணிக்குத் துறைத் தலைவர் தங்க பிரேம் கண்ணாடியோடு பிறப்பு இறப்புக் கவுன்ட்டரில் வந்து உட்கார்ந்தார். அக்கா பக்கத்து ஸ்டூலில்.

தலைவருக்கு ஆரம்பத்தில் உற்சாகம்தான். வரிசையில் நின்ற நாற்பது பேரைப் பார்த்து எழுந்து நின்றார்.

"பொதுமக்களே! சேவை என்பது வேறு, சேவை வழங்கல் என்பது வேறு. இந்த வேறுபாடு தெரியாததால்தான் இத்தனை காலம் உங்களுக்கு எல்லாம் சீக்கிரமாகக் கிடைத்து வந்திருக்கிறது. இன்றிலிருந்து முறையாகக் கிடைக்கும்."

யாரோ ஒருவர் கை தட்டினார். அவர் வேறு கவுன்ட்டருக்கு வந்தவர். முதலாவதாக நின்ற இளைஞர் துணியில் சுற்றிய குழந்தையைக் காட்டி, "பொண்ணு சார். அஞ்சு நாளாச்சு" என்றார்.

"பிறந்ததற்கு ஆதாரம்?"

"இதோ இருக்கே சார்."

"குழந்தை இருப்பது குழந்தை பிறந்ததற்கு ஆதாரம் ஆகாது தம்பி. இப்ப இருக்குன்னுதான் அதிலிருந்து தெரியும். எப்ப பிறந்ததுன்னு ஆவணம்தான் சொல்லணும்."

"ஆஸ்பத்திரிக் காகிதம் இருக்கு சார்."

தலைவர் அந்தக் காகிதத்தை அரை மணி நேரம் படித்தார். பிறகு அதன் சட்ட நிலை குறித்து யோசிக்க வேண்டும் என்று ஓரமாக வைத்தார். குழந்தை அழ ஆரம்பித்தது. வரிசை வாசலைத் தாண்டிப் படிக்கட்டில் இறங்கியது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலைவர் கொஞ்சம் வேகட்டும் என்றுதான் முதலில் நினைத்தார். ஆனால் வெந்துகொண்டிருந்தது அவர் இல்லை, வரிசை.

மூன்றாவதாக ஒரு பெரியவர் வந்தார். மனைவி இறந்து எட்டு நாள் ஆகியிருந்தது. தலைவர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல சம்பந்தப்பட்டவர் கையெழுத்து இல்லையே?"

"நான்தான் போட்டிருக்கேன் சார்."

"நீங்க மனுதாரர். சான்றிதழ் யாரைப் பத்தியோ அவர்தான் சம்பந்தப்பட்டவர். அவங்களை ஒரு தரம் நேர்ல வரச் சொல்லுங்க."

பெரியவர் கவுன்ட்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். தலைவர் அடுத்த பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

அக்கா ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"நகருங்க சார்."

"என்னம்மா?"

"நகருங்கன்னேன். அந்தப் பெரியவரை இன்னும் ஒரு நிமிஷம் நிக்க வெச்சீங்கன்னா எனக்கு வாயில என்ன வரும்னு எனக்கே தெரியாது."

தலைவர் நாற்காலியோடு ஓரடி நகர்ந்தார். அக்கா பெரியவரின் கையைப் பிடித்துப் பெஞ்சில் உட்காரவைத்தார். பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தார். எழுதினார், முத்திரை வைத்தார், தாளைத் தலைவர் மூக்குக்கு நேரே நீட்டினார். "இங்க கையெழுத்து." தலைவர் போட்டார். அடுத்து அந்தக் குழந்தைக்குப் போட்டார். அப்புறம் தாள் வர வர, படித்துப் பார்க்கக்கூட நேரமில்லாமல் போட்டுக்கொண்டே இருந்தார். பதினோரு வருஷத்தில் போடாத கையெழுத்தெல்லாம் ஒரே காலையில் போட்டு முடித்தார். வரிசை படியேறி உள்ளே வந்து, ஒரு மணிக்கு எட்டுப் பேரில் வந்து நின்றது.

தலைவர் கட்டை விரலைப் பிசைந்துகொண்டார். கண்ணாடி மூக்கின் நுனிக்கு வந்திருந்தது.

"இது எத்தனை நாளைக்கும்மா?"

"நீங்க எப்ப சார் ரிட்டயர் ஆவீங்க?"

"இன்னும் ஏழு வருஷம் இருக்கு."

"அப்ப ஏழு வருஷம். வேற தகுதியானவங்க யாரும் இல்லையே."

"வேற வழியே கிடையாதா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லை சார். இந்த வேலைக்கு இந்தப் பட்டம் வேணும்னு உத்தரவு இருக்கு. வேண்டாம்னு சொல்லணும்னா விஷயம் தெரிஞ்ச பெரியவங்க யாராவது எழுதிக் குடுக்கணும்."

தலைவர் வரிசையைப் பார்த்தார். எட்டுப் பேர் மறுபடி பதினான்கு ஆகியிருந்தார்கள். ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். யாரையும் கலந்துகொள்ளவில்லை, குழு அமைக்கவில்லை. மளமளவென்று எழுதினார். 'பிறப்பு இறப்புப் பிரிவின் தலைமைக்குப் பொது நிர்வாகவியல் முதுகலைப் பட்டம் எவ்விதத்திலும் தேவையில்லை. வேலை தெரிந்திருந்தால் போதுமானது. தற்போது பொறுப்பில் இருக்கும் அம்மையாருக்கு அது நன்றாகத் தெரியும் என்பதை நேரில் கண்டேன்.' தேதி போட்டு, முழுப் பதவிப் பெயரோடு கையெழுத்துப் போட்டார். முத்திரையும் வைத்தார்.

அக்கா வாங்கி இரண்டு தடவை படித்தார். மை காயட்டும் என்று ஊதினார். மேல்மாடியில் ஆணையர் இருந்தார். அக்காவையே நிரந்தரத் தலைமையாக்கும் உத்தரவு நாலு மணிக்குள் வந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். இனி அடைப்புக்குறிக்குள் எதுவும் எழுத வேண்டியிருக்காது.

தலைவர் பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனார். என்ன நினைத்தாரோ, திரும்பி வந்தார். குரலில் ஒரு தாராளம் வந்திருந்தது.

"அம்மா, நாளைக்கே உங்க ஆய்வேட்டைக் கொண்டாங்க. ஏழு கையெழுத்தும் நானே உக்காந்து வாங்கித் தர்றேன். உங்களுக்கு அந்தப் பட்டம் கிடைக்கணும். கறுப்பு அங்கி எல்லாம் போட்டு, நானே என் கையால குடுக்கறேன்."

அக்காவுக்கு அந்த அங்கி ஒரு கணம் கண்முன்னே வந்து நின்றது. வேண்டும் என்றுதான் இருந்தது. பொய் சொல்வானேன். பக்கத்திலேயே அந்தக் கடிதமும் மை காய்ந்து கிடந்தது.

"எதுக்கு சார்?" என்றார் அக்கா. "தேவையில்லைன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களே."